மகனுக்குப் பெயர் தேர்வது: கணவனும் மனைவியும் ஒருமனப்பட ஒரு முழுமையான வழிகாட்டி

கொங்கு நாட்டு வீடுகளில் ஆண் குழந்தை பிறந்த செய்தி எட்டியதும், தாயும் சேயும் நலமா என்று கேட்டு முடித்த அடுத்த மூச்சிலேயே “பேரு என்னங்க வெக்கறீங்க?” என்ற கேள்வி வந்துவிடும். கேட்பவர்கள் பலரிடம் ஆளுக்கொரு பெயர் ஆயத்தமாகவும் இருக்கும். அப்பாரு எனப்படும் தந்தைவழித் தாத்தாவுக்கு ஒரு விருப்பம், அம்மாயி எனப்படும் தாய்வழிப் பாட்டிக்கு ஒரு வேண்டுதல், தாய்மாமனுக்கு ஒரு நடிகரின் பெயர், ஜோசியருக்கு ஓர் எழுத்து. இத்தனை குரல்களுக்கு நடுவில், குழந்தையைப் பெற்ற இருவரும் தங்களுக்குள் அமர்ந்து நிதானமாகப் பேசிய நேரம் மிகக் குறைவாக இருப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டிலும் முதலில் அப்படித்தான் இருந்தது.

நான் கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்தவள். கணவரின் ஊர் சென்னிமலைக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். எங்கள் மகனுக்குப் பெயர் முடிவாவதற்கு ஏறத்தாழ ஒன்றரை மாதம் ஆயிற்று. அந்த ஒன்றரை மாதத்தில் நாங்கள் செய்த தவறுகளையும், பின்னர் கண்டுகொண்ட வழியையும் வைத்தே இதை எழுதுகிறேன். பெயர்களை எடுத்து வைத்து வாதிடுவதற்கு முன், அந்தப் பெயரால் எதைக் காப்பாற்ற நினைக்கிறோம் என்பதை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டாக வேண்டும். அது நடக்காத வரை, எத்தனை ஆயிரம் பெயர்கள் கொண்ட பட்டியலைப் புரட்டினாலும் பயன் இல்லை.

எப்போது பேச்சைத் தொடங்குவது

பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்பதைக் கருவிலேயே அறிந்து சொல்வது நம் நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். ஆகவே ஆண் குழந்தைக்கு மட்டும் பெயர் தேடுவது என்பது பிறப்பதற்கு முன் நடக்கக்கூடிய காரியம் அன்று. இரண்டு பட்டியல்களையும் சேர்த்தே தொடங்க வேண்டும். பெண் குழந்தைக்கான பட்டியலை அக்கறையின்றி எழுதிவிட்டு ஆண் குழந்தைக்கானதில் மட்டும் உழைக்கும் வீடுகள் உண்டு. அப்படிச் செய்ய வேண்டாம் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

ஐந்தாம் மாதம் முதல் ஏழாம் மாதம் வரையிலான காலமே இந்தப் பேச்சுக்கு ஏற்றது. வளைகாப்போ கட்டுச்சோற்று விருந்தோ முடிந்து மனைவி தாய்வீட்டுக்குப் போய்விட்டால், அதன் பிறகு பேச்செல்லாம் தொலைபேசியில்தான். நான் கோபியிலும் அவர் திருப்பூரில் வேலையிலுமாக இருந்த நாட்களில், இரவு பத்து மணிக்கு மேல், பக்கத்தில் என் அம்மா படுத்திருக்க, தணிந்த குரலில் பேசியதில் பாதி சொற்கள் தவறாகவே போய்ச் சேர்ந்தன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசும்போது “வேண்டாமே” என்று மென்மையாகச் சொல்லக்கூடியது, தொலைபேசியில் “வேண்டாம்” என்று வெட்டிப் பேசியதாக விழுகிறது.

குழந்தை பிறந்த பிறகும் அவசரப்பட வேண்டியதில்லை. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் சட்டம். பெயரை அப்போதே கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. பெயரில்லாமல் பிறப்பைப் பதிவு செய்துவிட்டு, 12 மாதங்களுக்குள் கட்டணம் ஏதுமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். மருத்துவமனையில் படிவத்தை நீட்டிப் பெயர் கேட்கும்போது, இது தெரியாமல் பதற்றத்தில் வாயில் வந்ததை எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னால் வருந்துபவர்கள் இருக்கிறார்கள். பெயருக்கான இடத்தை வெறுமையாக விடலாம் என்பதை இருவரும் முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயரைப் பேசாதீர்கள்

முதல் அமர்வில் ஒரு பெயரைக்கூட வாயில் எடுக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக மூன்று செய்திகளை இருவரும் பேச வேண்டும். இந்தக் குழந்தையின் பெயரில் யாருடைய நினைவு இருக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்? பெயர் எந்த மொழியில், எந்த மரபில் இருக்க வேண்டும்? எந்த மாதிரிப் பெயர் வந்துவிடக் கூடாது என்று அஞ்சுகிறீர்கள்? மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் விடைதான் பெரும்பாலும் மற்ற இரண்டையும் விளக்கிவிடும்.

நாங்கள் இதைச் செய்யாமல் நேரே பெயரில் இறங்கினோம். அவர் முதல் நாளே “முத்துசாமி” என்றார். அது அவருடைய அப்பாருவின் பெயர். இந்தக் காலத்தில் ஒரு குழந்தைக்கு முத்துசாமி என்று எப்படி வைப்பது என்று நான் கேட்டேன். அவர் பேசவில்லை. நான் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டேன். அவரோ நான் அவருடைய குடும்பத்தைத் தாழ்வாக நினைப்பதாக எடுத்துக்கொண்டார். இரண்டு வாரம் இந்தப் பேச்சே எழவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையைப் பார்க்க வந்தவர், திண்ணையில் உட்கார்ந்து, அதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அவருக்கு நான்கு வயதாக இருந்தபோது பெற்றோர் இருவரும் விசைத்தறி வேலைக்காக வெளியூர் போயிருந்த மூன்றாண்டுகள் அவரை வளர்த்தவர் அந்த அப்பாருதான். கிணற்றுமேட்டில் தோளில் உட்கார வைத்துக்கொண்டு எண் சொல்லிக் கொடுத்தவர். எங்கள் திருமணத்துக்கு எட்டு மாதம் முன்பு இறந்துபோனார். “அவரு இருந்திருந்தா பையனத் தூக்கிட்டுத் தோட்டம் பூரா சுத்தியிருப்பாரு அம்மிணி” என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அவர் கேட்டது அந்த எழுத்துகளை அன்று. அந்த மனிதர் எங்கள் மகனோடு எப்படியாவது இருக்க வேண்டும் என்பதைத்தான்.

என் பக்கத்தை நானும் அன்றுதான் சொன்னேன். என் அப்பா தமிழாசிரியர். எங்கள் வீட்டில் நாய்க்குட்டிக்குக்கூட நல்ல தமிழ்ப் பெயர்தான். பொருள் தெரியாத, எழுதினால் கிரந்த எழுத்துகள் குவிந்து கிடக்கும் ஒரு பெயரைத் தன் பேரனுக்கு வைத்துவிடுவார்களோ என்று அவர் அஞ்சினார். அந்த அச்சம் எனக்குள்ளும் இருந்தது. ‘சாமி’ என்று முடிவது எனக்குப் பழமையாகத் தோன்றியதே தவிர, ‘முத்து’ என்ற சொல்லில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. இதைச் சொன்ன அந்த நொடியிலேயே எங்கள் வழக்கில் பாதி தீர்ந்துவிட்டது.

முன்னோர் பெயரை ஏந்தும் வழிகள்

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். கொங்குப் பகுதியில் பெயர் குறித்த பிணக்குகளில் மிகப் பெரும்பாலானவை இதில்தான் எழுகின்றன. ‘பேரன்’ என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயர் என்பது பல குடும்பங்களில் எழுதப்படாத விதி. ஆனால் முன்னோர் பெயரை அப்படியே முழுமையாக வைப்பது ஒன்றே வழி என்று நம் மரபு ஒருபோதும் சொன்னதில்லை.

இதற்கு நம் மண்ணிலேயே கல்லில் வெட்டிய சான்று இருக்கிறது. கரூருக்கு அருகே புகழூர் ஆறுநாட்டார் மலையில், ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்று மூன்று தலைமுறைச் சேரர்களைக் குறிப்பிடுகிறது. ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என்பது அதன் செய்தி. தந்தை பெருங்கடுங்கோ, மகன் இளங்கடுங்கோ! ஒரே பெயர், அடைமொழி மட்டும் மாறியிருக்கிறது. தந்தையின் பெயர் தொடர்கிறது, மகனுக்குத் தனக்கென்று ஒரு பெயரும் கிடைக்கிறது. இன்று ஒரு இளம் தம்பதி தங்களுக்குள் தேடும் தீர்வும் இதுவேதான்.

ஆகவே தாத்தாவின் பெயரை மேசைமீது வைத்து, அதைப் பிரித்துப் பாருங்கள். முதல் வழி, பெயரின் ஒரு பகுதியை மட்டும் எடுப்பது. சென்னியப்பன் என்பதிலிருந்து ‘சென்னி’ கிடைக்கும். அது தலை, உச்சி என்ற பொருள் தருவதோடு சோழர்களுக்கு உரிய பெயராகவும் சங்க இலக்கியத்தில் வருகிறது. மருதாசலம் என்பதிலிருந்து ‘மருதன்’, பழனிசாமி என்பதிலிருந்து ‘பழனிவேல்’ அல்லது ‘பழனி’, செங்கோட்டையன் என்பதிலிருந்து திருச்செங்கோட்டு முருகனைக் குறிக்கும் ‘செங்கோடன்’ என்று கிளைக்கும்.

இரண்டாம் வழி, அந்தப் பெயருக்குரிய தெய்வத்தைப் பற்றிக்கொண்டு அதே தெய்வத்தின் வேறு பெயரை எடுப்பது. சுப்பிரமணியம் என்ற தாத்தாவின் பேரன் குமரன், வேலன், செவ்வேள், சேயோன் என்று எதுவாகவும் இருக்கலாம். மருதமலை, சென்னிமலை, சிவன்மலை, பழனி என்று முருகன் குன்றுதோறும் நிற்கும் பகுதியில் இந்த வழிக்குப் பஞ்சமே இல்லை.

மூன்றாம் வழி, பெயரின் பொருளை எடுத்துக்கொண்டு சொல்லை மாற்றுவது. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். ஆனால் இதற்குச் சற்று உழைப்பு வேண்டும். அவிநாசியப்பன் என்ற பெயரில் உள்ள ‘அவிநாசி’ என்பதற்கு அழிவில்லாதது என்று பொருள். சாவை நீக்கும் அமுதத்தோடு அது நெருங்கி நிற்பதால் ‘அமுதன்’ என்று வைக்கலாம். எங்களுக்குக் கிடைத்ததும் இந்த வழியில்தான். முத்துக்கு இன்னொரு சொல் என்ன என்று என் அப்பாவிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டே, “நித்திலம்” என்றார். நித்திலன். கணவர் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். “அப்ப இவன் பேருலயும் முத்து இருக்குதுங்களா மாமா?” என்று என் அப்பாவைக் கேட்டார். இருக்கிறது என்றார் அப்பா.

நான்காம் வழி, எழுதும் பெயரும் கூப்பிடும் பெயரும் வேறாக இருக்கட்டும் என்று ஒப்புக்கொள்வது. இது புதிய ஏற்பாடு அன்று. மாமனாரின் பெயரையோ கணவனின் பெயரையோ பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத வழக்கம் இருந்த காலத்தில், தாத்தாவின் பெயர் கொண்ட குழந்தையை அவன் அம்மாவும் பாட்டியும் வேறு பெயரிட்டே கூப்பிட்டார்கள். என் மாமியார் தன் மாமனாரின் பெயரில் இருந்த சொல் என்பதற்காக முத்துப்பாசியைக்கூட ‘வெள்ளைப்பாசி’ என்றே இன்றும் சொல்கிறார். இரண்டு பெயர்களுக்கு இடம் கொடுத்த மரபு இது. உங்கள் இருவருக்கும் இரண்டு பெயர்கள் பிடித்திருந்தால் ஒன்றைச் சான்றிதழுக்கும் மற்றொன்றை வீட்டுக்கும் கொடுப்பதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் எது சான்றிதழில் வரும் என்பதில் தோற்றவர், வென்றவர் என்ற எண்ணம் வராதபடி, வீட்டுப் பெயரை நாள்தோறும் உண்மையாகவே பயன்படுத்துவோம் என்று இருவரும் உறுதி கூற வேண்டும்.

ஊரின் வரலாற்றிலிருந்து பெயர் எடுக்க விரும்புவோருக்கு ஒரு சொல். 1756இல் பிறந்து 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் இயற்பெயர் தீர்த்தகிரி. கொங்கில் ‘தீரன்’ என்று மகனுக்குப் பெயரிடுவோர் பலர். கொல்லிமலையை ஆண்ட ஓரி, பழனி மலைநாட்டின் பேகன் ஆகிய பெயர்களும் நம் பகுதிக்கு உரியவை; சுருக்கமானவை. நொய்யல் கரையில் கொடுமணலில் தோண்டி எடுத்த பானை ஓடுகளில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சாத்தன், ஆதன் போன்றோரின் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. அவற்றில் ‘ஆதன்’ இன்றைய காதுக்கும் இனிமையாகவே ஒலிக்கிறது.

பட்டியல் எழுதுவது

நோக்கங்களைப் பேசித் தெளிந்த பிறகே பட்டியல். இருவரும் தனித்தனியே, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், பத்துப் பெயர்கள் எழுதுங்கள். கைப்பேசியில் எழுதுவதைவிடக் கோடு போட்ட நோட்டில் எழுதுவது நல்லது; அடித்ததும் திருத்தியதும் கண்ணுக்குத் தெரியும், பின்னால் அந்த நோட்டு குழந்தைக்கும் ஒரு சேமிப்பாகும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஏன் பிடித்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். “நன்றாக இருக்கிறது” என்பது காரணம் ஆகாது. “என் கல்லூரித் தோழனின் பொறுமை நினைவுக்கு வருகிறது” என்பது காரணம்.

நோட்டை மாற்றிக்கொண்டபின், ஒவ்வொருவரும் மற்றவர் பட்டியலில் மூன்று பெயர்களை விளக்கம் ஏதும் சொல்லாமல் நீக்கலாம். அந்த மூன்றுக்கும் ஏன் என்று கேட்கக் கூடாது. பள்ளியில் அடித்த ஒருவனின் பெயராக இருக்கலாம். சொல்ல விரும்பாத வேறு நினைவாக இருக்கலாம். மூன்றுக்கு மேல் நீக்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். எஞ்சியவற்றில் இருவருக்கும் பிடித்தவற்றை மட்டும் புதிய பக்கத்தில் எழுதுங்கள். ஐந்து இருந்தால் போதும். ஒன்றுகூட இல்லையென்றால் கலங்க வேண்டாம்; ஒரு வாரம் கழித்து மறுபடியும் எழுதுங்கள். இரண்டாம் முறை எழுதும்போது மற்றவரின் மனம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பட்டியல் தானாகவே நெருங்கி வரும்.

பொருளைச் சரிபார்ப்பதில் கவனம் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் குழந்தைப் பெயர்ப் பட்டியல்களில் பல, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. எந்தப் பெயருக்கும் ‘ஒளி’, ‘வெற்றி’, ‘கடவுள்’ என்று ஏதேனும் ஒன்றைப் போட்டுவிடுகின்றன. தமிழ்ச் சொல்லானால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் பாருங்கள், இணையத்திலேயே தேடலாம். வடசொல்லானால் வடமொழி அகராதியில் பாருங்கள். இரண்டிலும் இல்லாத ஒரு பெயர், யாரோ ஒலிக்காகக் கோத்தது என்று கொள்ளலாம்.

நட்சத்திர எழுத்தும் எண் கணிதமும்

கணவனும் மனைவியும் இதில் ஒரே கருத்தில் இல்லாவிட்டால், பட்டியல் எழுதும் முன்பே பேசித் தீர்க்க வேண்டும். ஐந்து பெயர்களைத் தேர்ந்த பிறகு “எழுத்து சேரவில்லை” என்று ஒருவர் சொன்னால் மற்றவர் மனம் உடையும்.

முறை இதுதான். 27 நட்சத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதங்கள், ஆக 108 பாதங்கள். ஒவ்வொரு பாதத்துக்கும் ஓர் எழுத்து. மகத்துக்கு ம, மி, மு, மெ என்று எளிதாக அமைகிறது. ஆனால் திருவாதிரையின் மூன்றாம் பாதத்துக்கு ‘ங’, அஸ்தத்துக்கு ‘ஷ’, ‘ண’, ‘ட’ போன்ற எழுத்துகள் வருகின்றன. ண, ட ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. ‘ங’வில் தொடங்கும் பெயர் யாருக்கும் இல்லை. இந்த எழுத்து முறை வடமொழி ஒலிகளை வைத்து அமைந்தது என்பதே காரணம். அதனால்தான் அனுபவமுள்ள ஜோசியர்கள் அதே நட்சத்திரத்தின் வேறு பாதத்து எழுத்தையோ நெருங்கிய ஒலியையோ எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பிறந்த நேரம் இரண்டு பாதங்களின் எல்லையில் விழுந்தால், வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் வெவ்வேறு பாதம் காட்டவும் கூடும். இவ்வளவு நெகிழ்வு உள்ள ஒன்றுக்காக இருவரும் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒருவருக்கு நம்பிக்கையும் மற்றவருக்கு அக்கறையின்மையும் இருந்தால், நட்சத்திர எழுத்தில் அமைந்த பெயரைத் தொட்டில் நாளில் காதில் சொல்லும் பெயராக வைத்துக்கொள்ளலாம். பல வீடுகளில் அதுவே வழக்கம்.

எண் கணிதத்தைப் பற்றி என் கருத்து வேறு. அது ஆங்கில எழுத்துகளுக்கு எண் கொடுத்துக் கூட்டுவது. தமிழில் ஒரு குறையும் இல்லாத பெயருக்கு, கூட்டுத்தொகை சரியாக வரவேண்டும் என்பதற்காக ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை இரட்டித்தோ, நடுவில் ஓர் ‘எச்’ சேர்த்தோ எழுதச் சொல்கிறார்கள். அந்தக் கூடுதல் எழுத்தை அந்தப் பையன் பள்ளிச் சேர்க்கை முதல் வங்கிக் கணக்கு வரை ஒவ்வொரு மேசையிலும் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நான் வேண்டாம் என்றேன்; கணவரும் ஒப்புக்கொண்டார்.

நாவிலும் காதிலும் சோதிப்பது

எஞ்சிய ஐந்து பெயர்களைத் தாளில் பார்த்தது போதும். இனி வாயால் சொல்லிப் பாருங்கள். தமிழில் பெயர் தனியே நிற்பதில்லை. விளியாகும், வேற்றுமை ஏற்கும். முதலில் கூப்பிட்டுப் பாருங்கள். ‘இனியன்’ விளியில் ‘இனியா’ ஆகும், ‘ஓவியன்’ ‘ஓவியா’ ஆகும், ‘ஆதிரன்’ ‘ஆதிரா’ ஆகும். மூன்றும் பெண்களுக்கு இடும் பெயர்கள். இதனால் அந்தப் பெயர்கள் கூடாது என்று சொல்லவில்லை. எங்கள் நித்திலனும் ‘நித்திலா’ ஆகிறான். அது தெரிந்தேதான் வைத்தோம். தெரிந்து வைப்பது வேறு, பிறகு திடுக்கிடுவது வேறு.

அடுத்து, வீட்டில் மூத்தவரைச் சொல்லச் சொல்லுங்கள். ‘ரித்விக்’ என்ற பெயர் நம் ஊர்ப் பாட்டியின் நாவில் ‘ரித்துவிக்கு’ ஆகும். ‘தஷ்வந்த்’ ‘தசவந்து’ ஆகும். அந்தக் குழந்தையைப் பகலெல்லாம் கூப்பிடப் போகிறவர் அவர்தான் என்றால், அவர் நாவில் அந்தப் பெயர் எப்படி வாழப்போகிறது என்பதைப் பெற்றோர் கேட்டறிந்தே முடிவெடுக்க வேண்டும். தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்துக்குள்ளேயே உள்ள வீட்டில், வாழும் குடும்பமானால், வாசலில் நின்று கிணற்றுமேடு வரை கேட்கும்படி உரக்கக் கூப்பிட்டும் பாருங்கள். மெல்லின மெய்யில் முடியும் பெயரை நீட்டிக் கூப்பிடலாம். ‘க்’, ‘த்’ என்று முடிவது பாதி வழியிலேயே நின்றுவிடும்.

முதலெழுத்தோடு சேர்த்துப் படித்துப் பார்ப்பது மிக முக்கியம். குமாரசாமியின் மகன் ரங்கனை வருகைப் பதிவேட்டில் ‘கு. ரங்கன்’ என்று எழுதினால், வகுப்பில் மற்ற பிள்ளைகள் அதைச் சேர்த்துப் படிக்க ஒரு நாள்கூட ஆகாது. தந்தையின் முதலெழுத்து, தாயின் முதலெழுத்து, இரண்டும் சேர்த்து என மூன்று வகையிலும் தமிழில் எழுதிப் படியுங்கள்.

பின்னர் ஆங்கில எழுத்துக்கூட்டு. ழகரம் உள்ள பெயர்களை ‘இசட்-எச்’ என்று எழுதுவதா ‘எல்’ என்று எழுதுவதா, தகரத்தைத் ‘டி-எச்’ என்பதா ‘டி’ மட்டுமா என்பதைச் சான்றிதழுக்குப் போகும் முன்பே தாளில் எழுதி முடிவு செய்யுங்கள். சாதிப் பெயரைப் பின்னால் எழுதாத நல்ல வழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றியிருப்பதால், நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் முதலெழுத்தைச் சுருக்கமாக எழுத முடியாது, விரிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு இறுதியில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை வருகை விசாவில் அனுமதிக்க முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது பலர் தடுமாறினார்கள். மகனின் பெயரோடு தந்தையின் பெயரோ தாயின் பெயரோ முழுமையாகச் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

உறவினரிடம் சொல்வது

கேட்பதும் முடிவெடுப்பதும் வேறு வேறு. எல்லோரிடமும் கருத்துக் கேளுங்கள்; ஆனால் முடிவு இருவருடையது என்பதில் கணவனும் மனைவியும் ஒரே சொல்லாக நிற்க வேண்டும். முடிவாகும் வரை “இன்னும் பாத்துட்டு இருக்கறமுங்க” என்ற ஒரே விடையை இருவரும் சொல்லுங்கள். ஒருவர் தம் பட்டியலை வெளியில் சொல்லிவிட்டால், அதன்பின் அந்தப் பட்டியலுக்கு ஆதரவாக ஒரு கூட்டம் சேர்ந்துவிடும்.

முடிவானதும், கணவனின் வீட்டுக்குக் கணவனே சொல்ல வேண்டும். மனைவியின் வீட்டுக்கு மனைவியே சொல்ல வேண்டும். தாத்தாவின் பெயரை வைக்கவில்லை என்ற செய்தியை மருமகள் வாயால் மாமியார் கேட்கும்படி விடுவது பெரும் தவறு. என் கணவர் தாமே ஊருக்குப் போய், தம் தாயின் அருகில் உட்கார்ந்து, பெயரின் பொருளைச் சொன்னார்.

முடிவு எட்டாதபோது

இரண்டு பெயர்களில் நின்றுவிட்டால், ஒரு வாரம் முழுவதும் குழந்தையை ஒரு பெயரிட்டு இருவரும் கூப்பிடுங்கள். அடுத்த வாரம் மற்றதை. குளிப்பாட்டும்போதும் தூங்க வைக்கும்போதும் எந்தப் பெயர் தானாக வாயில் வருகிறதோ அதுவே பெரும்பாலும் நிற்கும். குலதெய்வக் கோயிலில் வெள்ளைப் பூ, சிவப்புப் பூ பொட்டலம் போட்டுக் கேட்பதும் நம் பக்கத்து வழக்கம். இரண்டு பெயர்களும் இருவருக்கும் உண்மையில் ஏற்புடையவையாக இருந்தால் மட்டுமே அதைச் செய்யுங்கள். ஒருவர் மனம் ஒப்பாத பெயரைப் பூ காட்டிவிட்டால், அந்த வருத்தத்தைச் சாமியிடம்கூட அவரால் சொல்ல முடியாமல் போகும்.

பதிவு

பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் பெயரைச் சேர்க்க விண்ணப்பிக்கும்போது, பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதிய ஒரு தாளை இருவரும் கையொப்பமிட்டுக் கையில் வைத்திருங்கள். 12 மாதம் கடந்தால் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம். ஆனால் அவ்வளவு காலம் விடாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எனப் பலவற்றுக்கும் பிறந்த நாளுக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழே என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. பதிவான பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்த வழி உண்டு. பெயரையே மாற்றுவதோ எளிதன்று, பெரியவனானபின் அரசிதழ் வரை போக வேண்டிவரும். அச்சான சான்றிதழைக் கையில் வாங்கிய இடத்திலேயே நின்று, குழந்தையின் பெயர், தந்தை பெயர், தாய் பெயர் ஆகியவற்றை உங்கள் ஆதாரில் உள்ளபடி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். குழந்தைக்கான நீல நிற ஆதாரிலும் இதே பெயர்தான் வரும்.

தொட்டில் நாளில் பெயரை யார் சொல்வது என்பதையும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். தந்தையின் சகோதரி சொல்வது பல வீடுகளில் வழக்கம். எங்கள் நாத்தனாரும் குழந்தையின் காதில் மூன்று முறை சொன்னார். அதன்பின் என் மாமியார் முன்னே வந்தார். மாமனார் பெயரை ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாதவர், பேரனின் நெற்றியில் விபூதி வைத்து, “நித்திலா, சாமி, நித்திலா” என்று கூப்பிட்டார். கணவர் தொட்டிலின் மறுபக்கம் நின்று, யாருக்கும் கேட்காதபடி, “முத்து” என்றார்.